ஹெட்லைட் சரியில்லையா? உப்புக்காற்று ஊரில் எதை முதலில் பார்ப்பது

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் மூன்று, மூன்றரைக்கே வண்டியை எடுத்தாக வேண்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் தார்ச்சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகள். ஹெட்லைட் கொஞ்சம் மங்கினாலும் கறுப்பு மாடு கடைசி இருபது அடியில்தான் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பயத்தில்தான் லைட் வேலையை நானே கற்றுக்கொண்டேன். இப்போது உச்சிப்புளியில் எங்கள் தெருவில் யார் வண்டிக்கு லைட் போனாலும் என் வாசலில் வந்து நிற்கிறது.

ஆரம்பத்தில் விவரம் தெரியாமல் நல்ல ஹெட்லைட் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். கோளாறு அதற்குப் பின்னால் இருந்த ஒரு போல்ட்டில் இருந்தது. அது கீழே வரும்.

இங்கே சொல்வதெல்லாம் ஹேலஜன் பல்பு (இழை சூடேறி எரியும் வகை) போட்ட கார், வேன் மாதிரி வண்டிகளுக்கு. கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. வந்த ஹெட்லைட் என்றால் கண்ணாடி மங்குவது, காது (ஹெட்லைட்டை வண்டியோடு போல்ட் போட்டு நிறுத்தும் பிளாஸ்டிக் நீட்டல்) உடைவது ஆகிய இரண்டும்தான் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தும். செனான் லைட் என்றால் பின்பக்கம் கையே வைக்காதீர்கள். எரியத் தொடங்கும் நேரத்தில் அதற்குள் பல ஆயிரம் வோல்ட் ஓடும்.

கை வைக்கும் முன்

சாவியை எடுத்துவிட்டு, பல்பு ஆறப் பத்து நிமிடம் விடுங்கள். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெந்து பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். கையில் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மலிவானதே போதும்.

1. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

*டிம் இல்லை, பிரைட் எரிகிறது, அல்லது நேர்மாறாக*

உங்கள் வண்டியில் இருப்பது எச்4 பல்பு என்றால் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். பெரும்பாலும் ஒன்று அறுந்திருக்கும். புதுசு வாங்கிப் போடுங்கள், 60/55 வாட். முதலில் வேறு எதையும் தேட வேண்டாம்.

*இரண்டுமே இல்லை*

லைட்டைப் போட்டுவிட்டு, பல்பின் பின்னால் இருக்கும் கப்ளரை (வயரைப் பல்போடு இணைக்கும் பிளக்) லேசாக ஆட்டிப் பாருங்கள். விட்டு விட்டு எரிந்தால் திருடன் அகப்பட்டான். லைட்டை அணைத்துவிட்டுக் கப்ளரை உருவி உள்ளே பாருங்கள். பித்தளைத் தகட்டில் பச்சைப் பூப்பு படிந்திருக்கும். நம் பக்கத்தில் பாதி வண்டிகளுக்குக் கோளாறு இதோடு முடிந்துவிடும். உப்புத்தாளைத் தீக்குச்சி அகலத்துக்குக் கிழித்து மடித்து உள்ளே விட்டு நாலு இழுப்பு இழுங்கள். (உப்பால் வந்த வினைக்கு உப்புத்தாள்.) பிறகு கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி வையுங்கள். அது கிடைக்காவிட்டால் வாசலின் மெல்லிசாக. அப்பிவிடாதீர்கள், மணல் ஒட்டும்.

ஆட்டியும் எரியவில்லையா? இடது பல்பை வலதில், வலதை இடதில் மாற்றிப் போடுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்புதான் போயிருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று எனத் தனித்தனி ஃபியூஸ் உண்டு. போனதில் என்ன எண் இருக்கிறதோ அதே எண்ணில் புதியதைப் போடுங்கள். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகி வைத்த ஒரு வண்டி என்னிடம் வந்தது. வயர் கட்டு முழுக்க உருகி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது.

புது ஃபியூஸும் போட்டவுடன் போகிறதென்றால் எங்கேயோ ஷார்ட். அங்கே நிறுத்திக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

*கப்ளர் உருகி, கருகியிருக்கிறது*

பெரும்பாலும் 100/90 வாட் பல்பு போட்டதன் விளைவு. இருட்டு ரோடு, கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போட்டுவிடுகிறோம். கம்பெனி வயரும் கப்ளரும் அந்தக் கரண்ட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. செராமிக் ஹோல்டர் தனியாகக் கிடைக்கும். பழையதை வெட்டிவிட்டு, வயர்களைச் சால்டர் வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் வேண்டாம். சித்திரை வெயிலில் அதன் பசை இளகிப் பிரிந்து, உள்ளே உப்பு ஏறிவிடும். பல்பைத் திரும்பவும் 60/55-க்கே கொண்டுவந்துவிடுங்கள்.

2. இரண்டு பக்கமும் எரியவில்லை

ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவையும் மந்தமாக இருந்தால் பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொங்கியிருக்கும். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்து ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, இறுக்கமாக மாட்டுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில்.

மற்றதெல்லாம் வேலை செய்து ஹெட்லைட் மட்டும் இல்லை என்றால் பாஸ் லீவரை (எதிரே வருகிறவருக்கு பிரைட் அடித்துக் காட்டும் லீவர்) இழுத்துப் பாருங்கள். பிரைட் அடிக்கிறது, டிம் மட்டும் இல்லை என்றால் இரண்டு பல்பிலும் டிம் இழை அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று போய் ஒரு மாதம் ஆகியிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். மற்றதும் போன பிறகுதான் "திடீரென்று" போன மாதிரி தெரியும்.

பல்பு நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே, அதாவது சுவிட்ச் சொன்னதும் லைட்டுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி. பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். அதே எண் அச்சிட்ட வேறு ரிலே, உதாரணமாக ஹாரனுடையது, இருந்தால் அதை எடுத்து இங்கே செருகிப் பாருங்கள். எரிந்தால் புது ரிலே வாங்கினால் போதும்.

அதுவும் இல்லையென்றால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் காம்பினேஷன் சுவிட்ச். இதை வீட்டில் கழற்றாதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் வயர் அங்கேதான் போகிறது. எலக்ட்ரீஷியன் வேலை.

3. எரிகிறது, ஆனால் ரோடு தெரியவில்லை

இதற்குத்தான் ஆட்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள். நானும் விட்டேன்.

முதலில் பகலில் கண்ணாடியைப் பாருங்கள். மஞ்சளாகவோ பால் கலந்த மாதிரியோ இருந்தால் 4-ஆம் தலைப்புக்குப் போங்கள். கண்ணாடி தெளிவாக இருக்கிறது, வெளிச்சம் மட்டும் செம்மஞ்சளாக, சிம்னி விளக்கு மாதிரி இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

*ஒரு பக்கம் மட்டும் சிம்னி விளக்கு*

முதல் சந்தேகம் எர்த் வயர்தான், அதாவது பல்பிலிருந்து கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வயர். எளிய சோதனை இது. இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வையுங்கள். மறு முனையை, பல்பு மாட்டியிருக்கும்போதே, கப்ளரின் பின்பக்கமாக எர்த் வயர் நுழையும் இடத்தில் செருகுங்கள். அந்த வயர் பெரும்பாலும் கறுப்பு. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி, அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. பேட்டரி வோல்டே முழுசாகக் காட்டினால் பதறாதீர்கள். சில வண்டிகளில் பல்பின் பொதுக் கால் பிளஸ்ஸுக்குப் போகும். நீங்கள் தொட்டது அதுவாக இருக்கும். அந்த வண்டியில் எர்த் பக்கம் சுவிட்ச் வழியாகப் போவதால் இந்தச் சோதனை அங்கே பொருந்தாது.

பல்பைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது. நான் செய்த தவறு அதுதான். கப்ளரை உருவிக் கையில் வைத்து அளந்தேன், 12.5 காட்டியது. வயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஹெட்லைட்டுக்குள்ளேதான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிப் புது அசெம்பிளி வாங்கினேன். மாட்டிப் போட்டால் அதே சிம்னி விளக்கு. கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்டைக் காட்டும், பல்பு எரியும்போதுதான் சாயம் வெளுக்கும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹேலஜன் வெளிச்சம் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும்.

கடைசியில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுச் சித்தப்பா. மண்டபத்திலிருந்து மீன் லோடு அடிக்கும் குட்டியானை வைத்திருந்தவர். ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி வண்டியில் எல்லா வயரும் ஒரு முறையாவது போயிருக்கிறது அவருக்கு. வந்து குனிந்து பார்த்து, "லைட்டுல ஒண்ணும் இல்லடா. அந்தக் காதுக்குக் கீழ ஒரு போல்ட்டு இருக்கும், அதக் கழத்து" என்றார். கழற்றினேன். பாடியில் முறுக்கியிருந்த வளையத்தைச் சுற்றித் துரு, அதன் மேல் பச்சைப் பொடி. வயரை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஒரு புரி மட்டும் ஒட்டிக்கொண்டு இத்தனை நாள் எரிந்திருக்கிறது.

சரிசெய்வது இப்படி: வயரின் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள். உப்பு உறைக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். புது வளையம் வைத்துக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), வயர் குட்டையாகிவிட்டால் அதே கனத்தில் ஒட்டு வயர் போடுங்கள். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், அந்த போல்ட்டை ஒருதரம் கழற்றிப் பார்ப்பது நல்லது.

*இரண்டு பக்கமும் மங்கல்*

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8-லிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும். 13-க்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பாகம்) பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை. வேறு வேலை, வேறு ஆள். பேட்டரியில் 14 இருக்கிறது, பல்பு எரியும்போது கப்ளரில் 12.5 தான் வருகிறது என்றால் நடுவில் வயரோ சுவிட்சோ தின்கிறது. பழைய வண்டியில் தனி ரிலே கிட் போட்டு பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுத்தால் கண் திறந்த மாதிரி இருக்கும். வயர் வேலை கைவந்தவர் என்றால் நீங்களே மாட்டலாம். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பல்பு நாலைந்து வருடம் பழையது என்றால் முதலில் ஜோடியாக அதை மாற்றிப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

4. கண்ணாடி மஞ்சளாகிவிட்டது, சொரசொரப்பாக இருக்கிறது

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, இன்றைய வண்டிகளில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே வெயில் தாங்கும் பூச்சு ஒன்று இருக்கும். அது உரிந்ததும் மஞ்சள் ஏறும். அம்பாசடர் மாதிரிப் பழைய வண்டிகளில் நிஜக் கண்ணாடி என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

எங்கள் பக்கம் இதற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று தனுஷ்கோடி ரோடு. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அரிச்சல்முனைக்குப் போய்வந்தால், ரோட்டைக் கடந்து பறக்கும் மணல் முகப்பையே தேய்த்துவிடும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: வண்டிக்குப் போடும் கவர். கீழக்கரையில் ஒரு வீட்டில், வளைகுடாவில் இருப்பவரின் கார் எட்டு மாதம் கவர் போட்டு முற்றத்தில் நின்றது. "கவருக்குள்ளதானே தம்பி கிடந்துச்சு, எப்படி இப்படிப் போகும்?" என்று அவருடைய அண்ணன் கேட்டார். கவர் தளர்வாகக் கட்டியிருந்தது. காற்றில் அது படபடக்கப் படபடக்க, உள்ளே புகுந்த மணல் இரண்டு ஹெட்லைட்டையும் அம்மியில் அரைத்த மாதிரி அரைத்திருந்தது.

*முதல் சோதனை:* கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கேடு வெளிப்பக்கம்; தேய்த்தால் சரியாகும். ஈரத்திலும் அதே மங்கல் என்றால் கேடு உள்பக்கம். வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, 5-ஆம் தலைப்பைப் பாருங்கள்.

*லேசான மஞ்சள்:* ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் எடுத்து வட்டமாகப் பத்து நிமிடம் தேய்த்தால் போய்விடும். பற்பசை வைத்துத் தேய்க்கும் வைத்தியம் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும், சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். பெட்ரோல், தின்னர் எதுவும் கிட்டே வரக் கூடாது. பாலிகார்பனேட் முடி முடியாக வெடித்துவிடும்.

*நல்ல மஞ்சள், செதில் உரிகிறது:* வாட்டர் பேப்பர் 800, 1000, 1500, 2000 வாங்குங்கள். ஹெட்லைட்டைச் சுற்றிப் பெயின்ட்டில் படாமல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். தண்ணீர் முக்கியம். எங்கள் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்புக்கோடு விழும். இந்த வேலைக்கு மட்டும் இரண்டு குடம் காவிரித் தண்ணீரைச் செலவு செய்வேன். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

முதலில் நன்றாகக் கழுவி மணலைப் போக்குங்கள். 800 தாளை நனைத்து, இடமும் வலமுமாக, ஒரே அழுத்தத்தில். பால் மாதிரி மஞ்சள் தண்ணீர் வழியும். அது வெள்ளையாக மாறும்வரை தேயுங்கள். மாறினால் பழைய பூச்சு முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த தாளை மேலும் கீழுமாகத் தேயுங்கள். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூடத் தெரியாதபோதுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசியில் வெயிலில் நிறுத்தும்போது கோடு கோடாகப் பல்லிளிக்கும். 2000 முடிந்ததும் கண்ணாடி சமமாக, பனி படர்ந்த மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், காம்பவுண்ட் போட்டால் தெளிந்துவிடும். கையால் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

பாதிப் பேர் இதோடு விட்டுவிடுகிறார்கள். பூச்சு இல்லாத பிளாஸ்டிக் நம் வெயிலில் சில மாதம்கூடத் தாங்காது. முன்பைவிட வேகமாக மஞ்சளடிக்கும். வெயில் தாங்கும் பூச்சு, அதாவது யு.வி. கோட், ஹெட்லைட் கிட்டோடு ஈரத்துணி மாதிரி பாக்கெட்டில் வரும். ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்து, ஒரே திசையில், போன இடத்துக்குத் திரும்பப் போகாமல் பூசுங்கள். நேரம் விடிகாலையாக இருக்கட்டும், காற்று எழும்புவதற்குள். நான் முதல்முறை ஆடி மாதம் பதினோரு மணிக்குப் பூசினேன். ஈரம் காய்வதற்குள் ஒரு காற்று வந்தது. ரவை தூவின மாதிரி மணல் ஒட்டிக்கொண்டு, மறுபடி 800-லிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டு கலவையாக வரும் டூ கே கிளியர் கோட் இன்னும் பல வருடம் நிற்கும். ஆனால் அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரண முகக்கவசம் தடுக்காது. நீங்கள் தேய்த்து மட்டும் கொடுத்துவிட்டு, அடிப்பதைப் பெயின்ட் கடைக்காரரிடம் விடுங்கள்.

மணல் கொத்தி ஊசிக்குழி விழுந்திருந்தால் மேலே சொன்ன எதிலும் முழுசாகப் போகாது. குழியின் ஆழம்வரை தேய்க்க ஆரம்பித்தால் கண்ணாடி மேடு பள்ளமாகி வெளிச்சம் சிதறும். குறைவாக இருந்தால் அப்படியே விடுங்கள், அதிகமென்றால் புதுசு.

5. உள்ளே ஈரம்

*காலையில் பனி மாதிரி படர்ந்து, லைட் போட்டு அரை மணியில் மறைகிறது:* கோளாறே இல்லை. ஹெட்லைட்டுக்கு மூச்சுவிடும் ஓட்டைகள் உண்டு. நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம்.

*சொட்டுச் சொட்டாக நிற்கிறது, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது:* பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். பல்பு மாற்றியவர் மாட்டாமல் விட்டிருப்பார், அல்லது மடிந்து உட்கார்ந்திருக்கும், அல்லது எல்.இ.டி. பல்பின் வால் நுழையட்டும் என்று நடுவில் கத்தியால் வெட்டியிருப்பார்கள். நான் பார்த்த ஈர ஹெட்லைட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். மூடி தனியாகக் கிடைக்கும்.

மூடி சரியாக இருந்தால் மூச்சு ஓட்டையின் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அடுத்தது, கண்ணாடியும் பின்கூடும் சேரும் ஓரத்தில் பசை விட்டுப்போவது. ஹெட்லைட்டைக் கழற்றி, எல்லா ஓட்டையையும் மூடி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மூச்சுக் குழாய் வழியாக மெதுவாக ஊதினால் குமிழி வரும் இடம் தெரியும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற வித்தைதான். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஹெட்லைட்டுக்கென்று வரும் பியூட்டைல் பசை வையுங்கள். புளித்த காடி வாசம் அடிக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டாம். அந்த ஆவி உள்ளே இருக்கும் பளபளப்பைக் கெடுக்கும்.

உலர்த்துவதற்கு மூடியைத் திறந்து நல்ல வெயிலில் ஒரு நாள் வையுங்கள். தண்ணீர் வடிய அடியில் டிரில் போட்டு ஓட்டை போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வடிகிற வழியாகவே உப்புக்காற்றும் தூசியும் ஏறும்.

*ரிஃப்ளெக்டரில் வெள்ளைப் புள்ளி, வெள்ளி உரிந்து கறுப்பு:* ரிஃப்ளெக்டர் என்பது பல்பைச் சுற்றி வெளிச்சத்தை முன்னே தள்ளும் பளபளப்பான கிண்ணம். அதன் மேல் இருப்பது மெல்லிய அலுமினியப் பூச்சு. துணி பட்டாலே கையோடு வரும். துடைக்காதீர்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. கடல் தண்ணீர் உள்ளே போன ஹெட்லைட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். மாற்ற வேண்டியதுதான்.

6. காது உடைந்து ஆடுகிறது, கண்ணாடியில் விரிசல்

ஆடு குறுக்கே வந்தது, கேட்டில் உரசியது, மயில் மோதியது என்று இங்கே காரணத்துக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி தப்பித்து, பின்கூட்டின் காது மட்டும் உடைந்திருந்தால் முழு ஹெட்லைட் வாங்க அவசரப்படாதீர்கள். பின்கூட்டில் பெரும்பாலும் 'PP' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் முத்திரை இருக்கும். பாலிப்ரொப்பிலீன் என்பதன் சுருக்கம். அதில் எம்-சீல், அரால்டைட், ஃபெவிக்விக் எதுவும் நிற்காது. இரண்டு நாளில் தோல் மாதிரி உரிந்துவரும். சால்டரிங் அயர்னால் இரண்டு பக்கத்தையும் உருக்கிச் சேர்த்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டை மேலே வைத்து அழுத்திப் புதைத்து, பழைய பம்பர் துண்டை உருக்கி மேலே மூடுங்கள். பம்பரும் அதே பிளாஸ்டிக்தான் என்று அதன் முத்திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒட்டும் முன் காதை அதன் இடத்தில் போல்ட் போட்டு நிறுத்திவைத்துக்கொண்டால் கோணம் மாறாது.

உடைந்த காது தொலைந்துபோயிருந்தால் சில வண்டிகளுக்குக் காது மட்டும் தனியாக விற்கிறார்கள். மூன்று காதில் இரண்டு போயிருந்தால் பழைய வண்டி உடைக்கும் கடையில் கேளுங்கள். ரிஃப்ளெக்டர் நன்றாக இருக்கிறதா என்று வெயிலில் பார்த்து வாங்குங்கள்.

முடி விரிசல் என்றால் தண்ணீர் போகாமல் தடுப்பதுதான் வேலை. காயவைத்துத் துடைத்து, ஒளி ஊடுருவும் எபாக்ஸி மெல்லிசாக ஓடவிடுங்கள். ஃபெவிக்விக் வைத்தால் சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்துவிடும். துண்டு பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தால், புதுசு வரும்வரை கனமான டிரான்ஸ்பரன்ட் டேப், அவ்வளவுதான்.

7. எதிரே வருகிறவர் லைட்டை அடித்து அடித்துத் திட்டுகிறார்

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இது நன்றாகத் தெரியும். பாலம் நடுவில் உயரும் இடத்தில் உங்கள் வெளிச்சம் நேராக அடுத்தவர் கண்ணுக்குள் போகும். ஆனால் சமரோட்டிலும் திட்டு வாங்கினால் கோளாறு உங்களிடம்.

பல்பு மாற்றிய பிறகு ஆரம்பித்ததா? பல்பு கோணலாக உட்கார்ந்திருக்கும். எச்4-இன் மூன்று காதும் பள்ளத்தில் சேர்ந்து, கம்பிக் கிளிப் பூட்டியிருக்க வேண்டும். பின்சீட்டும் டிக்கியும் நிறைந்த வண்டியா? டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை ஒரு சக்கரம் இருந்தால் சுமைக்கு ஏற்ப அதைத் திருப்பி வெளிச்சத்தை இறக்குங்கள். பலருக்கு அது எதற்கென்றே தெரியாது. ஹேலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறீர்களா? கழற்றுங்கள். பெரும்பாலானவை வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும். உங்களுக்குப் பக்கத்தில் பளிச், தூரத்தில் மாடு தெரியாது.

இவை எதுவும் இல்லையென்றால் சுவர் சோதனை. ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டியவர்களும் இதைச் செய்தாக வேண்டும். டயரில் காற்று சரியாக வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்துங்கள். சமதளத்துக்கு நம் மாவட்டத்தில் குறைவில்லை, சுவர்தான் தேட வேண்டும். நான் போவது கல்யாண மண்டபத்துப் பின்சுவருக்கு. பல்பின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது ஓரம் மட்டும் சற்று மேலேறும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அப்படித்தான் இருக்க வேண்டும், அதைச் "சரி" செய்துவிடாதீர்கள். பின்னால் இருக்கும் திருகாணிகளில் ஒன்று மேல்கீழ், மற்றது இடம்வலம். கால் சுற்றாகத் திருப்புங்கள். திருகாணி துருவேறி இறுகியிருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பலவந்தப்படுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் பந்து உடைந்து, முழு ஹெட்லைட்டும் போகும். அப்படியும் அசையவில்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

8. பல்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறது

ஒரே பக்கம் என்றால் ஹெட்லைட் ஆடுகிறதா, மூடி வழியாக ஈரம் வருகிறதா, கப்ளர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அடுத்த பல்பு வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். தாமதித்தால் பேட்டரியும் வெந்துபோகும். போகும்போது அளந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். "லைட் சரியில்லண்ணே" என்று நின்றால் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள்.